தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிரெஞ்சு மொழிக் கல்வி

தமிழ்நாட்டில் பிரெஞ்சு ஓர் அயல்மொழிப் பாடமாகப் பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் 11, 12 ஆம் வகுப்புகளில் 'பகுதி 1' எனப்படும் மொழிப் பாடத்துக்குத் தமிழுக்குப் பதிலாக மாணவர்கள் தெரிவு செய்யக்கூடிய மொழிகளுள் இதுவும் ஒன்று. சிபிஎஸ்இ பள்ளிகள் சிலவற்றில் நடுநிலை வகுப்புகளிலேயே இரண்டாம் அல்லது மூன்றாம் மொழியாக இது தொடங்குகிறது. பெரும்பாலும் நகரத் தனியார் பள்ளிகளில்தான் இதற்கு ஆசிரியர் உண்டு.

பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுப் பெற்றோரிடையே நெடுங்காலமாக நிலவுகிறது. அந்த எண்ணம் முழுவதும் தவறில்லை. ஆனால் அதன் விளைவாக இரண்டு ஆண்டு பிரெஞ்சு படித்து, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெற்று, ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வழி கேட்கத் தெரியாமல் வெளியே வரும் மாணவர்களைக் காண்பது வியப்பில்லை. இதற்குத் தேர்வு முறை ஒரு காரணம். தமிழ் மாணவருக்குப் பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிப்பது இன்னொரு காரணம். பின்னது அதிகம் பேசப்படுவதில்லை. பிரெஞ்சின் பல கூறுகள் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நெருக்கமானவை.

வரலாற்றுப் பின்னணி

தமிழருக்கும் பிரெஞ்சு மொழிக்கும் உள்ள தொடர்பு புதுச்சேரியில் தொடங்குகிறது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1674 இல் அங்கே நிலைகொண்டது. அக்காலத்தில் இரு தரப்புக்கும் இடையே பேசி வணிகம் நடத்தித் தந்தவர்கள் துபாசிகள். 'இரு மொழி அறிந்தவர்' என்பது அச்சொல்லின் பொருள். அவர்களுள் புகழ்பெற்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாசியாக இருந்த இவர் 1736 இல் தொடங்கித் தமிழில் எழுதிய நாட்குறிப்பு இன்று பிரெஞ்சிந்திய வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. அதில் பிரெஞ்சுப் பதவிப் பெயர்களும் பொருட்பெயர்களும் தமிழ் எழுத்தில், காதில் விழுந்தபடியே இடம்பெறுகின்றன.

மொழியைக் கற்பதற்கான கருவிகள் பின்னர் வந்தன. புதுச்சேரியில் இயங்கிய பிரெஞ்சு மறைப்பணியாளர்களான முசே, துய்ப்புய் இருவரும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855 க்கும் 1862 க்கும் இடையே இரண்டு தொகுதிகளாக அங்கேயே அச்சானது. பாரிசில் கீழைமொழிப் பள்ளியில் தமிழ் கற்பித்த ழுய்லியேன் வேன்சோன் 1903 இல் பிரெஞ்சுக்காரர்களுக்காக ஒரு தமிழ்ப் பாடநூலை வெளியிட்டார். தமிழர் பிரெஞ்சு கற்ற அதே காலத்தில் பிரெஞ்சுக்காரர் தமிழ் கற்றதும் நடந்தது. அந்த மரபில் வந்த பிரான்சுவா குரோ 1968 இல் பரிபாடலைப் பிரெஞ்சில் தந்தார்.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகியவற்றின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956 இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையின் 28 ஆம் பிரிவு, மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு அங்கே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று கூறுகிறது. பிரெஞ்சு அரசின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் லிசே பள்ளி இன்றும் புதுச்சேரியில் இயங்குகிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரைப் புதுச்சேரி வழக்கில் 'சொல்தா' என்கிறார்கள். படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்தான் அது. உள்ளாட்சி அமைப்பின் பெயரான 'கொம்யூன் பஞ்சாயத்து' என்பதிலும் பிரெஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதிர்த் திசையில் சென்ற தமிழ்ச் சொற்களும் உண்டு. வாசனைத் திரவியத் தொழிலில் பிரெஞ்சுக்காரர்கள் அன்றாடம் சொல்லும் 'வெத்திவேர்' நம் வெட்டிவேர்தான். 'கத்தமரான்' என்பது கட்டுமரம்.

புதுச்சேரிக்கு வெளியே, அன்றைய சென்னை மாகாணத்தில் பிரெஞ்சு ஆட்சிமொழியாக இருந்ததில்லை. கல்லூரிகளிலும் சில பள்ளிகளிலும் ஐரோப்பியப் பண்பாட்டு மொழி என்ற மதிப்போடு அது கற்பிக்கப்பட்டது. அலியான்சு பிரான்சேசு நிறுவனம் புதுச்சேரியில் 1889 இலும் சென்னையில் 1953 இலும் தொடங்கப்பட்டது. பள்ளிக்கு வெளியே பிரெஞ்சு கற்போருக்கு இன்றும் முதன்மையான இடம் இதுவே.

பள்ளியில் பிரெஞ்சின் இடம்

1968 சனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. அதன்படி அரசுப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் கற்பிக்கப்படுகின்றன. தெலுங்கு, உருது போன்ற மொழிச் சிறுபான்மையினருக்கான ஏற்பாடுகள் தனி. மெட்ரிகுலேசன் பள்ளிகளில் நெடுங்காலம் நிலைமை வேறாக இருந்தது. அங்கே தமிழை அறவே எடுக்காமல் பிரெஞ்சையோ இந்தியையோ சமற்கிருதத்தையோ முதல் மொழியாகக் கொண்டு பள்ளிப் படிப்பை முடிக்க முடிந்தது.

2006 ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் இதை மாற்றியது. 2006–07 இல் முதல் வகுப்பில் தமிழ் கட்டாயமாயிற்று. பின் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 2015–16 இல் பத்தாம் வகுப்பை எட்டியது. நீதிமன்றங்கள் வழங்கிய சில விலக்குகள் தவிர, மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தே ஆகவேண்டும். இதனால் பிரெஞ்சுக்கு எஞ்சியவை மேல்நிலையின் இரண்டு ஆண்டுகள்தாம். பத்தாம் வகுப்பு வரை பிரெஞ்சில் ஓர் எழுத்துகூட அறியாத மாணவர் 11 ஆம் வகுப்பில் அதைத் தொடங்கி, அடுத்த ஆண்டே பொதுத்தேர்வு எழுதுகிறார்.

சிபிஎஸ்இ பள்ளிகளில் வசதி கூடுதல். அங்கு எட்டாம் வகுப்பு வரை மூன்று மொழிகள் படிக்கும் முறையில் பிரெஞ்சைச் சேர்த்துக்கொள்ளலாம். விருப்பமானால் 9, 10 வகுப்புகளிலும் தொடரலாம். 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை உயர்நிலையில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளாகக் கொரியம், சப்பானியம், தாய், செருமன், எசுப்பானியம், போர்த்துக்கீசியம், உருசியம் ஆகியவற்றோடு பிரெஞ்சையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தமிழ்நாடு அரசு அக்கொள்கையின் மும்மொழித் திட்டத்தை ஏற்கவில்லை.

மதிப்பெண்ணும் மொழியும்

2018 வரை பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் மொத்த மதிப்பெண் 1200. அதில் பகுதி 1 மொழிக்கு இரு தாள்களும் சேர்த்து 200. தமிழ்ப் பாடத்தில் செய்யுள், உரைநடை, இலக்கணம், கட்டுரை என்று பரந்த பரப்பைப் படிக்கவேண்டும். விடைத்தாளைத் திருத்துவோர் மொழிநடைக்கும் எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் குறைப்பார்கள். பிரெஞ்சுத் தாளோ தொடக்கநிலை மாணவருக்கானது. வினை வடிவத்தை நிரப்புதல், ஒருமையைப் பன்மையாக்குதல், பிரெஞ்சுப் பத்தியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தல் போன்ற, விடை தெளிவாக ஒன்றே உள்ள வினாக்கள் அதில் மிகுதி. எனவே முழு மதிப்பெண்ணை ஒட்டிப் பெறுவது இயன்றது. மொழிக்குச் செலவாகும் நேரத்தைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் திருப்பலாம் என்பது பெற்றோர் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசையில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் மட்டுமே பார்க்கப்படுகின்றன. மொழிப்பாட மதிப்பெண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. மாநிலத் தரவரிசையும் தமிழை முதல் மொழியாகப் படித்தோருக்குத் தனியாகவும் பிற மொழி எடுத்தோருக்குத் தனியாகவும் வெளியிடப்பட்டது. பிறகு 2017 இல் அந்தத் தரவரிசை வெளியிடும் வழக்கமே நின்றுபோனது. அடுத்து மொத்தம் 600 ஆகக் குறைக்கப்பட்டு, மொழிக்கு ஒரே தாள் என்றாயிற்று. எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுக்கும் காரணம் ஒவ்வொன்றாய்க் கழன்றுவிட்டது. எண்ணம் மட்டும் கழலவில்லை.

இந்தத் தேர்வில் பேச்சுக்கு இடமில்லை என்பதுதான் பெரிய குறை. பிரான்சுக் கல்வி அமைச்சகம் 1985 இல் ஏற்படுத்திய டெல்ஃப் தேர்வு இதற்கு நேர் மாறானது. அதில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 பெறவேண்டும், எந்தப் பகுதியிலும் 5 க்குக் கீழே போகக்கூடாது. எழுத்தில் எவ்வளவு வல்லவராயினும் பேச வாய் திறக்காதவர் இதில் தேற முடியாது. ஐரோப்பிய மொழித்தர அளவீட்டின்படி ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு நிலைகளில் இது நடத்தப்படுகிறது. சான்றிதழுக்குக் காலவரம்பு கிடையாது. ஏ1 நிலையை எட்ட ஏறக்குறைய 80 முதல் 100 மணி நேர வகுப்பும், ஏ2 வரை போக மொத்தம் 200 மணி அளவிலும் தேவை என்று பொதுவாகக் கணக்கிடுவர். மேல்நிலையின் இரண்டு ஆண்டுகளில் இதற்கு நேரம் போதும். பாட நேரம் எதில் செலவாகிறது என்பதுதான் கேள்வி.

தமிழ் கைகொடுக்கும் இடங்கள்

பிரெஞ்சு ஒலிப்பில் மாணவரை முதலில் மிரட்டுபவை மூக்கொலி உயிர்கள். ரொட்டியைக் குறிக்கும் சொல், 'நல்ல' என்று பொருள்படும் சொல், 'காற்று' என்று பொருள்படும் சொல் ஆகிய மூன்றும் முறையே ஏகார, ஓகார, ஆகாரத்தை ஒத்த உயிரில் முடிகின்றன. எழுத்தில் 'ன்' உண்டு, வாயில் இல்லை. உயிரொலியே மூக்கு வழியாக வருகிறது. ஆங்கிலத்தில் இப்படித் தனித்து நிற்கும் மூக்குயிர் இல்லாததால் ஆசிரியர் இதை விளக்கப் பாடுபடுகிறார். ஆனால் தமிழ்ப் பிள்ளை இதை வீட்டில் நாள் முழுதும் செய்கிறது. 'வந்தேன்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி 'ன்' நாவில் படுவதில்லை, 'ஏ' மட்டும் மூக்கில் ஒலிக்கிறது. 'வந்தான்' என்பதில் 'ஆ' அப்படி ஒலிக்கிறது. 'பணம்', 'மரம்' ஆகியவற்றின் ஈறு பேச்சில் ஓகாரம் போன்ற மூக்குயிராகிவிடுகிறது. 'போனேன்' என்று பேச்சு வழக்கில் சொல்லி அந்தக் கடைசி ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டால், பிரெஞ்சு ரொட்டி பாதி கைக்கு வந்ததாகக் கொள்ளலாம்.

மெய்யொலிகளிலும் இதே நிலை. ஆங்கிலேயர் சொல்லின் முதலில் வரும் ப, ட, க ஒலிகளை ஒரு மூச்சுக் காற்றோடு வெளியிடுவர். பிரெஞ்சில் அந்தக் காற்று இல்லை, தமிழிலும் இல்லை. மேசைக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுத்து ஒன்றே. ஆங்கிலச் சொல்லை நாம் 'டேபிள்' என்கிறோம். பிரெஞ்சில் அது 'தாப்ள்'. நுனிநா பல்லைத் தொடும் நம் 'த'வே அங்கு வேண்டியது. ஆங்கிலப் பழக்கத்தில் 'டா' என்று சொல்லித் தொடங்குபவர் தன்னிடம் இருந்த சரியான ஒலியை விட்டுவிட்டு இரவல் ஒலியைப் பிடித்தவராகிறார்.

புணர்ச்சி அடுத்தது. 'எனக்கு', 'இல்லை' இரண்டும் சேர்ந்தால் 'எனக்கில்லை' ஆகிறது. உயிர் வந்ததும் முன்னிருந்த உகரம் மறைகிறது. பிரெஞ்சில் 'லெ' என்ற சுட்டுக்கும் நண்பனைக் குறிக்கும் 'அமி'க்கும் நடப்பது இதுவே. 'லெ அமி' என்று சொல்வதில்லை, 'லமி' என்றாகிவிடும். 'கெ', 'இல்' இரண்டும் 'கில்' ஆகும். பன்மையில் 'லே', 'அமி' சேரும்போது இடையில் ஒரு மெய் தோன்றி 'லேஸமி' என்று ஒலிக்கும். தேனீயின் ரீங்காரம் போன்ற அதிர்வு கொண்ட 'ஸ' அது. 'மா', 'இலை' சேர்ந்து 'மாவிலை' ஆவதை அறிந்த மாணவருக்கு இது புதுமையாகத் தோன்றக்கூடாது. பிரெஞ்சில் அந்த மெய் எழுத்தில் ஏற்கெனவே இருந்து உறங்கிக்கொண்டிருந்தது, தமிழில் புதிதாகத் தோன்றுகிறது. இவ்வளவே வேறுபாடு. குற்றியலுகரப் புணர்ச்சியை ஒன்பதாம் வகுப்பில் படித்துவிட்டு, அதை மறந்துபோய், பிரெஞ்சு வகுப்பில் இதைத் தனி விதியாக மனப்பாடம் செய்கிறார்கள்.

முன்னிலையில் ஆங்கிலத்துக்கு ஒரே சொல்தான். பிரெஞ்சில் 'த்யு', 'வூ' என இரண்டு. நமக்கும் 'நீ', 'நீங்கள்' என இரண்டு. மேலும் 'வூ' என்பது பன்மைச் சொல், அதுவே மரியாதை ஒருமைக்கும் வருகிறது. 'நீங்கள்' என்பதும் சரியாக அப்படித்தான். யாரை எப்படி அழைப்பது என்பதில்தான் வழக்கம் மாறுகிறது. பிரெஞ்சுப் பிள்ளைகள் தாய், தந்தை, தாத்தா, பாட்டி எல்லோரையும் பொதுவாக 'த்யு' என்பர். ஆசிரியருக்கும் கடைக்காரருக்கும் முன்பின் தெரியாதவருக்கும் 'வூ'.

வாக்கிய அமைப்பில் ஒரு சிறு சோதனை. 'எனக்குப் பதினைந்து வயது', 'எனக்குப் பசிக்கிறது' என்பவற்றைப் பிரெஞ்சில் சொல்லவேண்டும். ஆங்கிலம் வழி யோசிப்பவர் 'நான் பதினைந்து ஆண்டாக இருக்கிறேன்', 'நான் பசியாக இருக்கிறேன்' என்ற பொருளில், 'இரு' வினையைப் போட்டு எழுதிவிடுகிறார். இந்த வகுப்புகளில் மிக அடிக்கடி வரும் பிழைகளுள் இது ஒன்று. பிரெஞ்சில் வயதும் பசியும் தாகமும் ஒருவர் 'கொண்டிருப்பவை'. தமிழில் அவை ஒருவருக்கு 'உள்ளவை'. இரண்டும் ஒன்றல்ல என்றாலும், மனிதனும் பசியும் வெவ்வேறு என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு. 'அது எனக்குப் பிடிக்கிறது' என்பதைப் பிரெஞ்சில் 'ஸ மெ ப்ளே' என்பர். அதில் 'மெ' என்பது 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமைப் பொருளையே தருகிறது. தமிழில் யோசித்தால் நேராக அமைகிறது. ஆங்கிலத்தில் யோசித்தால் எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறித் தலைகீழாகிவிடுகின்றன.

எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள இடைவெளியும் தமிழ் மாணவருக்குப் பழகிய ஒன்றே. 'எனக்குத் தெரியாது' என்று பொருள்படும் தொடரைப் பிரெஞ்சுப் பாடநூல் 'ழெ நெ ஸே பா' என்று எழுதும். தெருவில் அது 'ஷே பா' என்று சுருங்கும். 'தெரியவில்லை' என்று எழுதி 'தெரியல' என்று பேசும் பிள்ளைக்கு இதை ஒரு வரியில் விளக்கிவிடலாம். பாடநூல் மொழியைக் கேட்டுப் பழகிவிட்டுப் பாரிசில் இறங்கி ஒன்றும் புரியாமல் விழிப்பவர்களுக்கு யாரும் இந்த ஒரு வரியைச் சொல்லவில்லை.

தடுமாற்றம் தருபவை

எல்லாம் எளிது என்று சொல்ல முடியாது. பெயர்ச்சொல்லின் பால் பாகுபாடு தமிழ் மாணவருக்கு உண்மையிலேயே கடினம். தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. மக்கள் உயர்திணை, மேசையும் நாற்காலியும் அஃறிணை. பிரெஞ்சில் அஃறிணை என்பதே கிடையாது. மேசையும் நாற்காலியும் பெண்பால், புத்தகமும் பேனாவும் ஆண்பால். இதற்குக் காரணம் தேடுவது வீண். சில ஈறுகள் ஓரளவு வழிகாட்டும். 'சியோன்' என முடிபவை பெரும்பாலும் பெண்பால், 'மோன்' என முடிபவை பெரும்பாலும் ஆண்பால். மற்றபடி சொல்லை எப்போதும் அதன் சுட்டோடு சேர்த்தே மனத்தில் பதிப்பதுதான் வழி.

வினைச்சொல் விகுதிகளைக் கண்டு மாணவர்கள் அஞ்சுவதுண்டு. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தோம் என்று இடத்துக்கு ஒரு விகுதி சேர்த்தே பேசி வளர்ந்தவருக்கு அந்த அச்சம் தேவையில்லை. உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. 'பேசு' என்ற வினையின் நிகழ்கால வடிவங்களில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்கு இடங்களுக்கும் எழுத்து வெவ்வேறாக வருகிறது, அல்லது வருவதுபோல் தோன்றுகிறது. காதுக்கு நான்கும் 'பார்ல்' என்ற ஒரே ஒலி. தமிழில் விகுதியைக் கேட்டாலே யார் என்று தெரியும், அதனால் 'வந்தேன்' என்றாலே போதும். பிரெஞ்சில் அப்படி விட முடியாது, 'நான்' என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

ஒலிகளுள் இரண்டு புதியவை. ஒன்று 'த்யு' என்பதில் வரும் உயிர். நாவை 'ஈ' சொல்லும் நிலையிலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவித்தால் அது வரும். மற்றொன்று தொண்டையில் உரசும் ரகரம். இதை நம் ரகரமாகவே சொன்னாலும் பிரெஞ்சுக்காரருக்குப் புரியும், தென்பிரான்சு ஊர்ப்புறங்களில் முதியோர் சிலர் அப்படிச் சொன்னதும் உண்டு.

குறிப்பேட்டில் பிரெஞ்சுச் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் ஒலிப்பை எழுதி வைக்கும் பழக்கம் பல மாணவரிடம் உள்ளது. இது முதல் வாரத்தில் உதவும், பிறகு கெடுக்கும். தமிழ் எழுத்தில் அதிரும் ஒலிக்கும் அதிராத ஒலிக்கும் வேறுபாடு இல்லை. ரொட்டியும் குளியலும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேன்' ஆகிவிடும். மீனுக்கும் நஞ்சுக்கும் உள்ள வேறுபாடு நடுவில் உள்ள 'ஸ' அதிர்வதா இல்லையா என்பது மட்டுமே. தமிழில் எழுதிப் படித்தவர் உணவகத்தில் எதைக் கேட்பார் என்று சொல்ல முடியாது.

எண்களில் எழுபது முதல் குழப்பம் தொடங்குகிறது. எழுபதை 'அறுபது பத்து' என்றும், எண்பதை 'நான்கு இருபது' என்றும், தொண்ணூற்றேழை 'நான்கு இருபது பதினேழு' என்றும் சொல்வர். பெல்சியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொற்கள் உண்டு. இதைக் கேட்டுச் சிரிக்கும் தமிழ் மாணவர், ஒன்பது பத்துகளைத் தாம் ஏன் நூறு ஒட்டிய 'தொண்ணூறு' என்ற சொல்லாலும், ஒன்பது நூறுகளை ஆயிரம் ஒட்டிய 'தொள்ளாயிரம்' என்ற சொல்லாலும் குறிக்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சிற்றூர் மாணவரின் நிலை

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகில் உள்ள வ. புதுப்பட்டி போன்ற ஊரின் மாணவருக்குப் பிரெஞ்சு என்பது தெரிவாகவே வருவதில்லை. அரசுப் பள்ளியில் இரு மொழிகள். திருவில்லிபுத்தூருக்கோ இராசபாளையத்துக்கோ பேருந்தில் போய்த் தனியார் பள்ளியில் சேர்ந்தாலும், அங்கே பிரெஞ்சு ஆசிரியர் இருந்தால்தான் உண்டு. தகுதி பெற்ற ஆசிரியர்கள் சென்னை, கோவை, புதுச்சேரி போன்ற நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். எனவே பிரெஞ்சு படிப்பு பணம் உள்ளவர் மொழியாகத் தோன்றுவது இயல்பு.

ஆனால் பன்மொழி என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. இராசபாளையத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் ஏராளம். ஒரு மொழியின் ஒலியிலிருந்து மற்றொன்றுக்கு நொடியில் தாவுவது அவர்களுக்குப் பயிற்சியின்றியே கைவந்தது. தெலுங்கு பேசும் பிள்ளைக்குப் ப, க, த ஆகியவற்றின் அதிரும் வடிவங்களும் அதிராத வடிவங்களும் காதிலேயே பிரிந்து கேட்கும். மேலே சொன்ன ரொட்டி–குளியல் குழப்பம் அவர்களிடம் குறையும்.

பள்ளிக்கு வெளியே கற்க இணையம் இன்று பெரும் வாயில். பிரெஞ்சு உலக வானொலியான ஆர்எஃப்ஐ நாள்தோறும் எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தியை எழுத்து வடிவத்தோடு வெளியிடுகிறது. டீவி5மோந்த் தொலைக்காட்சியின் கற்றல் தளத்தில் ஏ1 முதல் பி2 வரை காணொளிப் பயிற்சிகள் இலவசம். கைபேசியும் காதுபேசியும் இருந்தால் கேட்டல் பயிற்சிக்கு இது பள்ளி வகுப்பைவிட மேலானது. ஆனால் இவற்றின் விளக்கங்கள் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோதான் கிடைக்கின்றன. தமிழில் விளக்கும் தரமான தொடக்கநிலைப் பாடநூல்கள் மிகக் குறைவு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்–பிரெஞ்சு அகராதி உள்ள ஒரு மொழிச் சூழலில் இது வருந்தத்தக்க இடைவெளி.

பயன்பாடு

2022 ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் 32 கோடிக்கும் மேற்பட்டோர் பிரெஞ்சு பேசுகின்றனர். அவர்களில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் வாழ்கின்றனர். பிரான்சு 2030 க்குள் ஆண்டுக்கு 30,000 இந்திய மாணவர்களை வரவேற்க இலக்கு வைத்துள்ளது. அங்கே ஆங்கிலவழி முதுகலைப் படிப்புகள் பல இருந்தாலும், பயிற்சிப் பணி தேடவும் வீடு வாடகைக்கு எடுக்கவும் பிரெஞ்சின்றி முடியாது. கனடாவில் குடியேறுவோருக்குப் பிரெஞ்சுத் திறனுக்குத் தனி மதிப்புப் புள்ளிகள் உண்டு. அதற்கு டெல்ஃப் சான்று ஏற்கப்படுவதில்லை, டெஃப் அல்லது டிசிஎஃப் தேர்வு எழுதவேண்டும். அவற்றின் முடிவு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். இதை அறியாமல் பள்ளிப் பருவத்திலேயே அத்தேர்வை எழுதிவிட்டுப் பின்னர் மறுபடியும் பணம் கட்டுவோர் உண்டு.

பாரிசின் லா சப்பல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர்களும், மொன்றியலில் குடியேறியவர்களும் பிரெஞ்சை வகுப்பில் முதலில் கற்றவர்கள் அல்லர். வேலையிடத்தில் காதால் கற்றார்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சிலும் வீட்டில் தமிழிலும் வளர்ந்து, பெற்றோருக்காக அலுவலகக் கடிதங்களை மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் துபாசி வேலை இன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது.

படிக்கத் தொடங்குவோருக்கு

பள்ளியில் ஓராண்டு முடித்தவர்கள் இணைநூலாகப் படிக்க ஏற்றது அந்துவான் து செந்தெக்சுபெரியின் 'குட்டி இளவரசன்'. மூலம் 1943 இல் வெளியானது. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் செய்த தமிழாக்கத்தை க்ரியா பதிப்பகம் 1981 இல் வெளியிட்டது. ஸ்ரீராம் அதற்கு முன்பே அல்பேர் காம்யுவின் 'அந்நிய'னைத் தமிழில் தந்தவர். இரண்டு நூல்களும் நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து பெயர்க்கப்பட்டவை, ஆங்கிலம் இடையில் இல்லை. பிரெஞ்சு மூலத்தையும் தமிழாக்கத்தையும் அருகருகே வைத்து ஒரு நாளைக்கு அரைப் பக்கம் படித்தால், ஒரு பிரெஞ்சு வாக்கியம் தமிழில் எங்கே திரும்புகிறது, எங்கே அப்படியே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். 'குட்டி இளவரசன்' மூலத்தில் பேச்சில் வழங்காத, எழுத்துக்கே உரிய ஓர் இறந்தகால வடிவம் அடிக்கடி வரும். மேல்நிலைப் பாடத்தை மட்டும் படித்தவர் அதைக் கண்டு திகைக்க நேரலாம். அடையாளம் கண்டுகொண்டால் போதும். அதைப் பேசவோ எழுதவோ தொடக்கநிலையில் தேவை இல்லை.